கமர்கட் கரையும் வரை

சட்டைப் பையில் எறும்பு ஏறுகிறது என்று என் மனைவிக்கு இன்றும் என்மேல் கோபம். "நாப்பத்தெட்டு வயசு ஆளு, பையில கமர்கட் போட்டுக்கிட்டு ஆபீஸ் போறாரு. வெளில சொன்னா சிரிப்பாங்க" என்பாள். சிரிக்கட்டும். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு இப்போது வேலை. மெஷின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிகள் தொட்டு வேலை செய்கிற கணினித் திரைகளை நான் அமைத்துத் தருகிறேன். புதிய திரை ஒன்றை அவர்கள் கையில் முதன்முதலாகக் கொடுக்கும் நாளில் ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். அது கரையும் வரை பேச மாட்டேன்.

இதை எனக்குத் தொற்றவைத்தவர் என்னைவிட ஆறு வயது சின்னவர். பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குப் பக்கத்து அறைதான் மேடத்தின் ஆய்வுக்கூடம். ஒரு மேஜையில் டிஜிட்டல் நாணய ஆராய்ச்சி. எதிர் மேஜையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குச் செயலி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சேர்ந்த முதல் நாளே கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டுலயும் யாரோ ஒருத்தர் ஒரு ஸ்கிரீன் முன்னாடி தனியா உக்காந்து திருதிருன்னு முழிக்கிறாங்க. அந்த முழிதான் நம்ம ஆராய்ச்சி" என்றார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல. பதினைந்து வருடம் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். நாலு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். சம்பளம் பாதி. தலைக்கனம் மட்டும் குறையவில்லை. போதாக்குறைக்கு எனக்கு வாய் ஓயாது. நான் செய்த எதையாவது ஒருவர் கையில் கொடுத்தால், அவர் தொடுவதற்கு முன்பே "இங்க அமுக்குங்க, இப்ப அங்க பாருங்க, அவ்ளோதான், ஈஸி" என்று முழுவதையும் நானே செய்து முடித்துவிடுவேன். கம்பெனியில் இதற்கு எனக்கு நல்ல பெயர்கூட இருந்தது.

மேடத்தின் கூடத்தில் ஒரே ஒரு சட்டம். ஒரு திரையைச் செய்தவர், அதை இன்னொருவர் முதன்முறை பயன்படுத்தும்போது வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிப் பார்த்தால் யாரும் கேட்பதில்லை என்பதால் அவர் கண்டுபிடித்த வழிதான் கமர்கட். பம்மலில் ஒரு பெட்டிக்கடையில் கண்ணாடிப் பாட்டிலோடு வாங்கி வந்து மேஜையில் வைத்திருப்பார். தேங்காயும் வெல்லமும் போட்டுக் கல்லாக உருட்டியது. பத்து நிமிடமாவது வாயில் நிற்கும்.

"வாய்ல போட்டுக்கங்க சார். கரையற வரைக்கும் பேசக் கூடாது. கடிச்சா அவுட்."

நாற்பதைத் தாண்டிய என்னிடம் எல்.கே.ஜி. பிள்ளையிடம் சொல்வது போல் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தனக்கும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கடித்து நான் பார்த்ததே இல்லை.

முதலில் மாட்டியது என் கிளி. கணக்குச் செயலியில் நான் ஒரு பச்சைக் கிளியை உட்கார வைத்திருந்தேன். சரியான விடைக்குச் "சபாஷ்" என்று சொல்லும். தவறான விடைக்குக் கிளையிலிருந்து தொப்பென்று விழும். விழுகிற அழகுக்காகவே மூன்று நாள் மெனக்கெட்டிருந்தேன். முடிச்சூரில் ஒரு பள்ளியில் கொடுத்துப் பார்த்தோம். ஒரு சிறுமிக்கு அடுத்தடுத்து எல்லாமே தவறு. அந்தப் பெண்ணுக்கு ஓரிலக்கக் கூட்டலே வரவில்லை, முந்தைய வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று எங்கள் கணினி அறிக்கை கொடுத்தது. நான் அதை நம்பினேன். மேடம் நம்பவில்லை. ஸ்கூட்டரில் எப்போதும் வைத்திருக்கும் மடக்கு ஸ்டூலை எடுத்துப் போய் அந்தச் சிறுமிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, வாயில் கமர்கட்டோடு ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தார். திரையை அவர் பார்க்கவில்லை. சிறுமியின் கட்டைவிரலைத்தான் பார்த்தார்.

வெளியே வந்து கமர்கட் கரைந்த பிறகு சொன்னார். "சார், அவளுக்கு எல்லா விடையும் தெரியுது. விரல் முதல்ல சரியான விடைக்கு மேல போய் நிக்குது. அப்புறம் பக்கத்துல நகர்ந்து தப்பானதை அமுக்குது. உங்க கிளி விழறது அவ்ளோ சூப்பரா இருக்கு."

மறுநாளிலிருந்து கிளி சரியான விடைக்கு விழுந்தது. அந்தப் பெண் ஒரே வாரத்தில் வகுப்பை முந்திக்கொண்டு போனாள். அன்றுதான் எனக்கு மேடத்தின்மேல் முதல் முறை பயம் கலந்த மரியாதை வந்தது. ஒரு பீரியட் சும்மா உட்கார்ந்து ஒரு மனுஷி இவ்வளவு பார்க்க முடியுமா என்று வாய் பிளந்தேன்.

அவருக்கு வீடு பொழிச்சலூரில். விமானங்கள் மொட்டை மாடித் துணிக்கொடியைத் தொடுவது போலத் தாழ இறங்கும் இடம். விமானம் வரும்போது அந்த ஊரில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்; போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். மேடத்துக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போனாலும் பாதி வாக்கியத்தில் நிற்பார். அதற்குள் யாராவது வந்து வேறு ஏதாவது பேசி, டீ குடித்து, கையெழுத்து வாங்கிப் போயிருப்பார்கள். எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்து அந்த வாக்கியத்தின் மீதிப் பாதியைச் சொல்வார். முதல் பாதி எனக்கு மறந்திருக்கும்.

ஒரு முறை தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் பக்கம் நின்று, வருகிறவர் போகிறவர் விரல்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட நானும் நின்றேன். ஒரு போலீஸ்காரம்மா வந்துவிட்டார்.

"இன்னாம்மா, அரை மணி நேரமா பாத்துகினே கீறேன். யார் பையை நோட்டம் வுட்ற?"

நான் பதறிப்போய் அடையாள அட்டையைத் தேடினேன். மேடம் அமைதியாக, "பையை இல்லீங்க, விரலைப் பாக்கறேன். அவசரத்துல எந்த விரல் எங்க போகுதுன்னு" என்று நோட்டைப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாகக் கட்டைவிரல் படங்கள், அம்புக்குறிகள். போலீஸ்காரம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வரைஞ்சிகீற" என்று திருப்பிக் கொடுத்தார். மேடம் அவருக்கும் ஒரு கமர்கட் கொடுத்தார்.

'புரிஞ்சுதா' என்ற வார்த்தையை மேடம் யாரிடமும் சொல்ல மாட்டார். நாங்கள் சொன்னாலும் முறைப்பார். "புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க சார். உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு சொல்வாங்க. நம்ம ஜனங்க அவ்ளோ நல்லவங்க."

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

நாணய ஆராய்ச்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நோட்டைப் பர்ஸில் வைப்பது போலப் பணத்தைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. நெட் இல்லாவிட்டாலும் இரண்டு போன்களை ஒட்டவைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடுவது. வெள்ளத்தில் முடிச்சூர் மிதந்தபோது டவர் செத்து, மின்சாரமும் இல்லாமல், பாங்க்கில் பணம் இருந்தும் பால் வாங்க முடியாமல் நின்றவர்களை மேடம் பார்த்திருக்கிறார். அந்த நாளுக்காகத்தான் இது. நாங்கள் சோதனைக்கு வைத்திருந்தது விளையாட்டு நாணயம்தான், நிஜப் பணம் இல்லை.

வாங்குபவருடைய திரையை நான் செய்தேன். போன்கள் ஒட்டியதும் கீழ் மூலையில் ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதை அமுக்கினால்தான் நாணயம் கைக்கு வந்து சேரும். அமுக்காவிட்டால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் தொங்கிவிட்டுக் கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடும்.

முடிச்சூரில் ஒரு வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அக்காவிடம் கொடுத்துப் பார்க்கவேண்டிய நாள். மேடத்துக்குப் பள்ளியில் வேலை. "நீங்களே பாத்துக்கங்க சார்" என்று என்னை நம்பி அனுப்பினார். கேமராவை அக்காவின் கைகளும் போனும் மட்டும் தெரியும்படி நிறுத்தினேன். கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அக்கா போன்களை ஒட்டவைத்தார். பச்சைப் பொத்தான் வந்தது. அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டைவிரல் திரையின் நடுவில் சும்மா சுற்றியது. அவ்வளவு பெரிய பச்சை, கண் முன்னால்! அதுவரை பயன்படுத்திய அத்தனை பேரும் தாங்களாகவே செய்து முடித்திருந்தார்கள். இவர் ஒருவரால் என் திரைக்குக் கெட்ட பெயர். அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். மோவாயை மட்டும் கொஞ்சம் நீட்டிக் கீழ் மூலையைக் காட்டினேன்.

அக்கா அமுக்கினார். நாணயம் சேர்ந்தது. "அனைவரும் உதவியின்றிச் செய்தனர்" என்று அறிக்கையில் எழுதினேன்.

எங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அமைப்பிலிருந்து நிபுணர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியான நேரத்தில், மேடம் என்னைக் கூப்பிட்டு அந்த வீடியோவைப் போட்டார். பத்து நொடியை மூன்று முறை ஓட்டினார்.

"இந்தக் கட்டைவிரலைப் பாருங்க சார். நடுவுல சுத்துது. நிக்குது. இங்க போன் லேசா இறங்குது பாருங்க, தலையைத் தூக்கினா கை இப்படித்தான் இறங்கும். அப்புறம் விரல் நேரா மூலைக்குப் போகுது. தேடவே இல்ல. தேடிப் போற விரல் வேற சார், சொல்லிப் போற விரல் வேற."

படத்தில் நான் இல்லை. என் நிழல்கூட இல்லை. யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து ஒரு கமர்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து அறையில் மோட்டார் ஓடியது, நின்றது. அந்தக் கமர்கட் பாதிகூடக் கரைந்திருக்காது, நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில் கெஞ்சினேன். "ஒரே ஒரு ஆள்தானே மேடம். இதைச் சொன்னா அடுத்த கட்டத்துக்குக் காசு தர மாட்டாங்க. நாலு பேர் வேலை போயிடும். எனக்கு ரெண்டாவது தடவை."

முழுதும் கரைந்த பிறகுதான் பேசினார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நாளைக்கு அந்தக்கா நிஜக் காசு வாங்கறப்போ, எதிர்ல நீங்க உக்காந்திருப்பீங்களா சார்?"

நிபுணர்கள் மூன்று பேர். தலைவர் நரைத்த தலை, சிரிக்காத முகம். மேடம் எங்கள் நல்ல முடிவுகளை ஒதுக்கிவிட்டு நேராக அந்த வீடியோவைப் போட்டார். "இந்தச் சோதனை செல்லாது. இவங்களுக்கு உதவி கிடைச்சிருக்கு. தப்பு என்னோடது. செஞ்சவரோட முகம் தெரியற மாதிரி உக்கார வெக்கற வழக்கத்தை நான்தான் வெச்சேன்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தப்பில்லை, நான்தான் என்று சொல்ல எழுந்தேன். மேடம் பேச்சை நிறுத்தாமலே மேஜைமேல் எதையோ என் பக்கம் தள்ளினார். கமர்கட். உட்கார்ந்து வாயில் போட்டுக்கொண்டேன். வெல்லம் அன்று தித்திக்கவில்லை.

தலைவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒரு மாசம் கழிச்சு நானே வர்றேன். என் கண் முன்னாடி ஒருத்தர் செய்யட்டும். செய்ய முடியலைன்னா இதை இத்தோட மூடிடலாம்."

அந்த ஒரு மாதத்தில் பச்சைப் பொத்தானைப் பூரி அளவுக்குப் பெரிதாக்கினேன். பழைய அக்காவையே வைத்துச் செய்யலாம், அவருக்கு இப்போது தெரியுமே என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த தெருவில் வண்டி வைத்திருந்த அந்த அக்காவின் ஓர்ப்படியைக் கேட்டோம். அவர் சம்மதித்தார், துணைக்கு அக்காவும் வந்து நின்றார்.

சோதனை ஓர்ப்படியின் வண்டியடியிலேயே. இந்த முறை என் நாற்காலியை மேடம் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். எல்லோருக்கும் கமர்கட் கொடுத்தார். தலைவரிடமும் நீட்டினார். அவர் ஒரு கணம் முறைத்துவிட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மேடம் என் அருகே குனிந்து, "சார், இன்னிக்கு அவங்களால முடியாமப் போச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். தலைக்கு மேல் விமானம் போனது. நிறுத்திவிட்டார். தன் வாயிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன்கள் ஒட்டிய சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பூரி அளவு பச்சை அங்கே எரிந்துகொண்டிருக்கும். அமுக்கு தாயே, அமுக்கு என்று மனதுக்குள் கதறினேன். நாணயம் சேர்ந்தால் 'டிங்' என்று கேட்கவேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் தேய்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை, யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை எழுந்து உடைத்துவிட நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் 'கடக்' என்று கேட்டது.

திரும்பிவிட்டேன். மேடம் கமர்கட்டைக் கடித்திருந்தார். அத்தனை வருடத்தில் முதல் முறை. கண் இமைக்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, தேய்த்து மடித்த சட்டைகளின்மேல், போன் குப்புறக் கிடந்தது.

"அக்கா, போனை ஏன் கவுத்து வெச்சீங்க?"

ஓர்ப்படி பெட்டியை நிறுத்தினார். "வாங்கிக்கினா மூடி வெக்கறதுதானே? காசை வாங்கி யாராச்சும் தொறந்து போட்டுகினு இருப்பாங்களா?"

பக்கத்தில் நின்ற பழைய அக்காவும் தன் பங்குக்குக் கமர்கட்டைக் கடித்து ஒதுக்கினார். "நானும் அன்னிக்கி அப்டித்தான் கவுக்கப் போனேன். இந்த சாரு மோவாயை இப்டி நீட்னாரு. சரி, இன்னாவோ சொல்றாருன்னு பச்சையை அமுக்கிட்டேன்."

தலைவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். பிறகு மேடத்தைப் பார்த்தார். தப்பு என்னுடையது என்று மேடம் யாருக்காகச் சொன்னார் என்பது அவருக்கு அந்த நொடியில் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது வேறு. அன்று நான் மோவாயை நீட்டாமல் இருந்திருந்தால் விடை அன்றே எங்கள் கையில் கிடைத்திருக்கும். பொத்தானே வேண்டாம். வாங்கியதும் போனைக் கவிழ்த்தால் போதும். கவிழ்ந்தது போனுக்கே தெரியும். மூன்று மாதம் கணினி முன் உட்கார்ந்து நான் கண்டுபிடிக்காததை இந்த இரண்டு பேரும் கையில் வைத்திருந்தார்கள். அதை அவர்கள் கை சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான் இருந்தார்.

தலைவர் ஏதோ சொல்லப் போய் நிறுத்திக்கொண்டார். கமர்கட் இன்னும் அவர் வாயில் இருந்தது. கடிக்காமல், ஒரு கையின் ஐந்து விரல்களையும் மறு கையின் ஒரு விரலையும் தூக்கிக் காட்டினார். ஆறு மாதம். செய்து காட்டுங்கள் என்று அர்த்தம். அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

மேடம் என் நாற்காலி அருகே வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் விமானத்துக்கு முன் விட்ட இடத்தில் ஆரம்பித்தார்.

"...முகத்தைத் தொங்கப் போட்டுடாதீங்க சார். அவங்கதான் ஏதோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு நினைச்சுப்பாங்க."

நான் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.